தேத்தண்ணி குடிக்காத கடல்

இங்கிலாந்தில எந்தக் கடற்கரைக்குப் போகலாம் எண்டு ஆர் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டி விடுவினம், ஏனெண்டால் எங்கட சங்கத்தின்ர கோடைச் சுற்றுலாவுக்குக் கோச் பஸ் பிடிக்கிற வேலை, ஒருமுறை தெரியாத்தனமாத் தலையாட்டினதில இருந்து, என்ர தலையிலதான் கிடக்குது. பிரைட்டனுக்குப் போங்கோ, நல்ல ஊர், ஆனால் கரை முழுக்கக் கல்லு, வெறுங்காலோட நடந்தால் நேத்திக்கடன் தீர்த்த பலன் கிடைக்கும். சௌத்எண்டில கடலுக்குள்ள நீண்டுபோற பாலம் இருக்குது, அதில குட்டி ரயில் ஓடுது, பிள்ளையள் அழுதால் ஏத்தி விடலாம். போர்ன்மத் மணல் வடிவுதான், ஆனால் வெள்ளண்ண வெளிக்கிடாட்டில் கார் விட இடமிராது. பிளாக்பூலில இலையுதிர் காலத்தில கரை நீளத்துக்கு லைட் போட்டிருப்பினம், பாத்துக்கொண்டே நடக்கலாம், காத்து மட்டும் தலையில இருக்கிற பூவையும் பிடுங்கிக்கொண்டு போகும். விட்பிக்குப் போறதெண்டால் முதல்ல முழங்காலைக் கேக்க வேணும், அங்கை அவ்வளவு படி. வெஸ்டனில கடல் வத்தினால் பிறகு அதைத் தேடிக்கொண்டுதான் போகவேணும், தேடிப்போய்ச் சேத்துக்குள்ள சப்பாத்தை விட்டிட்டு வந்த ஆக்களை எனக்குத் தெரியும், பேர் சொன்னால் கோவிப்பினம்.

ஆனால் என்னைக் கேட்டால் ஓல்ட்மியர் எண்டுதான் சொல்லுவன். சின்ன ஊர், வரைபடத்தில கண்ணில படாது. கலர் கலராப் பெயின்ற் அடிச்ச மரக் குடிலுகள் ஒரு வரிசை, மீனும் சிப்ஸும் விக்கிற கடை ஒண்டு, வாடகைக்குக் குடுக்கிற மடிப்புக் கதிரையள், கடலைப் பாத்தபடி இருக்கிறதுக்கு மர வாங்குகள், அந்த வாங்கு ஒவ்வொண்டிலயும் செத்துப்போன ஒரு ஆளின்ர பேர் அடிச்ச பித்தளைத் தகடு. இவ்வளவுதான் ஊர். இதுக்காக நான் சொல்லேல்லை. அந்த ஊர்க் கடல்தான் ஒரு கோடைக்கு எங்கட வீதிக்கு வந்து, தவமலர் அக்கா வீட்டுப் பின்வளவில கிழமைக்கணக்காத் தங்கி நிண்டது.

தவமலர் அக்கா எனக்குப் பக்கத்து வீடு. ஹேய்ஸில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அவவின்ர கைப்பட்ட மட்டன் ரோல்ஸ் இல்லாட்டில் பிறந்தநாளும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. ஒவ்வொரு வருசமும் அவ எங்களோட கோச்சில கடற்கரைக்கு வருவா, ஆனால் இறங்க மாட்டா. சாப்பாட்டுப் பெட்டியளுக்குக் காவலா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிச் சீற்றில இருப்பா, நாங்கள் ஈரக் காலோட வந்து கேக்கக் கேக்க எடுத்துத் தருவா. அவவுக்கும் கடலுக்கும் கதைபேச்சில்லை. சண்டைக்குத் தப்பிப் பேசாலைக் கரையில இருந்து படகேறி இந்தியாவுக்குப் போகேக்க, நடுக்கடலில அவவின்ர சின்னப் பிள்ளை தேனுகா தவறிப்போச்சு எண்டு எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் அவ வாயால சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கட ஆக்களுக்குள்ள கதைபேச்சில்லை எண்டால் அது லேசுப்பட்ட விசயமில்லை. வேலிச் சண்டைக்கே முப்பது வருசம் முகம் பாக்காமல் இருக்கிற சனம் நாங்கள். இது பிள்ளை.

அந்த வருசம் ஓல்ட்மியரில வண்டி விடுற இடமெல்லாம் நிறைஞ்சு போய், டிரைவர் கோச்சைக் கொண்டுபோய்க் கடற்கரைச் சுவரோட ஒட்டி நிப்பாட்டிப்போட்டார். நாங்கள் எல்லாரும் இறங்கிப் போட்டம். கடல் பெருகி நிண்ட நேரம். அக்கா யன்னல் கண்ணாடியில தலையைச் சாய்ச்சு அயர்ந்து போனா. அந்த நேரம் பாத்து ஒரு அலை சுவரைத் தாண்டி வந்து கண்ணாடியில தட்டினது. அரை நித்திரையில இருந்த மனிசி, ஆர் தட்டினாலும் வாயில வாறதைத்தான் சொன்னா.

"ஆரது? வாங்கோவன், உள்ளுக்கு வாங்கோ."

கண்ணை முழிச்சு ஆரெண்டு பாத்த பிறகு முகத்தைத் திருப்பினா எண்டது உண்மை. ஆனால் சொன்னது சொன்னதுதான். கதைபேச்சு இல்லாத இடத்தில முதல் வாய் துறந்தது அவ, அதுவும் வாங்கோ எண்டு.

பின்னேரம் நாங்கள் வெளிக்கிடேக்க கடலும் வெளிக்கிட்டது. அது எங்கட கோச்சுக்குப் பின்னால, மோட்டர்வேயில இடது பக்க லேனிலயே, ஒருத்தரையும் முந்தாமல், அளவான வேகத்தில வந்தது, ரேடியோவில எம் இருபத்தஞ்சு ரோட்டில தண்ணி நிக்குது, பாத்து ஓட்டுங்கோ எண்டு சொன்னாங்கள், நாங்களும் மழை எங்கையோ பெய்யுது எண்டு நினைச்சுக்கொண்டு பாட்டுப் போட்டுக் கை தட்டிக்கொண்டு வந்தம். எங்கட வீதிக்குத் திரும்பி, அக்கா வீட்டுப் பக்கக் கேற்றால உள்ள போகேக்க, நாங்கள் சப்பாத்துக் கழட்டுற மாதிரி, அது தன்ர சிப்பியளையும் கூழாங்கல்லுகளையும் வாசல்படியில ஒதுக்கமா விட்டிட்டுத்தான் போனது. மரியாதை தெரிஞ்ச கடல். அதைக் குறை சொல்லக்கூடாது.

பின்வளவு எண்டால் உங்களுக்குத் தெரியும், ஒரு மரக் கொட்டில், ஒரு உடுப்புக் காயப்போடுற கொடி, ரெண்டு பக்கமும் பலகை வேலி. அதுக்குள்ள கடல் எப்பிடிக் கொண்டது எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, கொண்டது, அவ்வளவுதான். வேலிக்கு அங்கால முந்திப் பக்கத்து வீதிக் கூரையள் தெரிஞ்ச இடத்தில இப்ப வானமும் தண்ணியும் சேருற கோடு தெரிஞ்சது. காலமை வத்தினது, பின்னேரம் பெருகினது. பெருகேக்க குசினிப் படி வரைக்கும் வரும், படியேறாது.

பிறகென்ன, சனம் பழகிப்போச்சு. கவுன்சிலில இருந்து ஒருத்தர் வந்து, இது கட்டடம் இல்லை, ஆனபடியால் அனுமதி எடுக்கத் தேவையில்லை, ஆனால் வேலியை விட உயரமா அலை எழும்பினால் பக்கத்து வீட்டாரின்ர சம்மதம் வேணும் எண்டு சொல்லிப்போட்டு, வந்ததுக்கு ஒருக்கால் காலை நனைச்சிட்டுப் போனார். மற்றப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், முதல்ல கடற்காகம் காருக்கு மேல எச்சம் போடுது எண்டு புறுபுறுத்தவர், அடுத்த சனிக்கிழமை அரைக் களிசானோட காத்தை மறைக்கிற துணித் தட்டி ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து நட்டார். ஐஸ்கிறீம் வான் எங்கட வீதியில நிரந்தரமா நிண்டது. கோயில் ஐயா, இந்த வருசம் தீர்த்தத்துக்குப் பிளாஸ்டிக் தொட்டி கட்டாமல் சுவாமியை உங்கட வளவுக்கே எழுந்தருளப் பண்ணலாமோ எண்டு கேட்டு ஆள் விட்டார். ஞாயிற்றுக்கிழமையில ஈலிங்கில இருந்து, ஈஸ்ட்ஹாமில இருந்தெல்லாம் சொந்தக்காரர் வந்தினம், வருசக்கணக்கா எட்டிப் பாக்காதவையும் வந்தினம், அக்கா, உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லிக்கொண்டு நேரே பின்பக்கம் போச்சினம்.

அக்கா பின்பக்கத்துத் திரைச்சேலையை இழுத்து மூடிப்போட்டா. ஆனால் வீட்டை வந்த ஆளைக் கவனியாமல் விடுறது அவவின்ர சரித்திரத்தில இல்லை. காலமையும் பின்னேரமும் குசினிக் கதவை ஒரு சாண் துறந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையைப் படியில வைப்பா. கடல் வரும், கோப்பையைச் சுத்தி வரும், தொடாமல் போகும். கோப்பை வைச்சபடி ஆறிக் கிடக்கும்.

"சீனி காணாதோ?" எண்டு கேட்டன்.

"போட்டுத்தான் குடுத்தனான்."

பால் இல்லாமல் குடுத்துப் பாத்தா. இஞ்சி போட்டுப் பாத்தா. ரோல்ஸ் வைச்சா, கட்லட் வைச்சா, வடை வைச்சா. இங்கிலீஸ் கடல்தானே, சிப்ஸ் எண்டால் தின்னும் எண்டு நான் கடையில வாங்கி வினாகிரியும் விட்டுக் கொண்டுவந்து வைச்சன். கடற்காகம் திண்டிட்டுப் போச்சு. கடல் ஒண்டையும் தொடேல்லை. சாப்பிடாத விருந்தாளியைப் போல வீட்டுக்காரிக்கு வேற தண்டனை இல்லை.

எங்களுக்கெல்லாம் அது திருவிழா, அவவுக்கு எப்பிடி இருந்திருக்கும்? அவவின்ர மகன் நிரூபன் ஒருநாள் என்னட்டை வந்து நிண்டான். வளந்த ஆம்பிளை, கண் கலங்கிப் போய் நிண்டான்.

"அன்ரி, அம்மா படுக்கிறேல்லை. இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா. சாப்பாடும் இல்லை. இப்பிடியே போனால் ஆளை இழந்திடுவம். பர்மிங்காமுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டாலும் வாறா இல்லை. வீட்டில ஆள் நிக்கேக்க எப்பிடியடா வெளிக்கிடுறது எண்டு கேக்கிறா."

"அப்ப அதைப் போகச் சொல்ல வேண்டியதுதானே."

"ஆர் சொல்லுறது?"

அவன் கேட்டது நியாயம். வந்த ஆளைப் பாத்து எப்ப போறியள் எண்டு கேக்கிற நாக்கு எங்களில ஆருக்கு இருக்குது? மூண்டு மாதம் தங்கின மாமியாரைக் கூட ஒருத்தரும் கேட்டதில்லை. நான் கேக்கத்தான் போனன். படியில நிண்டு தொண்டையைச் செருமினன். கடல் மெல்லமா வந்து நிண்டது. சுகமா இருக்கிறியளோ எண்டு கேட்டிட்டு வந்திட்டன்.

ஓல்ட்மியரில என்ன நடந்தது எண்டு பிறகுதான் தெரிஞ்சது. ஒண்டும் நடக்கேல்லை. கடல் போனதைக் கனநாளா ஒருத்தரும் கவனிக்கேல்லை. வத்திப்போய்க் கிடக்குது, வரும்தானே எண்டு இருந்திருக்கினம். வழமை போலச் சனம் வந்தது, மழை தூறத் தூறக் காரைக் கடற்பக்கமா நிப்பாட்டி, கண்ணாடியை ஏத்தி விட்டிட்டு, பிளாஸ்கில கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, ஈரச் சேத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, நல்லாப் பொழுது போச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போனது. கோச் பிடிச்சுக் கோச் பிடிச்சு எனக்கு விளங்கின ஒண்டைச் சொல்லுறன். இங்கிலீஸ்காரர் கடல் பாக்கிறதுக்கெண்டு கடற்கரைக்குப் போறேல்லை. கதைக்க முடியாத எதையோ கொண்டுபோய், அந்தப் பக்கம் முகத்தை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் இருக்கத்தான் போறவை. அதுக்குத்தான் அந்த ஊருகள்.

கடலைத் தேடிக்கொண்டு வந்தது ஒரே ஒரு ஆள்தான், மடிப்புக் கதிரை வாடகைக்கு விடுற டோறத்தி. எழுபது தாண்டின மனிசி, மழைக்கோட்டும் துணிப்பையுமா ரயில் பிடிச்சு வந்து, கடற்காகங்களைப் பாத்துப் பாத்து வீதியைக் கண்டுபிடிச்சு, அக்காவின்ர மணியை அடிச்சா. அக்கா என்னைக் கூப்பிட்டா, அவவின்ர இங்கிலீஸ் கடைக்குப் போறதுக்கு மட்டும் காணும். நான் போய் நடுவில இருந்தன்.

டோறத்தியும் எங்கட ஆக்கள் மாதிரித்தான், கேக்க வந்ததைக் கேக்கேல்லை. வெயிலைப் பற்றிக் கதைச்சா. ரோல்ஸைப் பற்றி விசாரிச்சா. தேத்தண்ணி நல்லாயிருக்குது எண்டு ரெண்டாம் கோப்பை வாங்கினா. பின்பக்கம் கடல் இரையுது, ரெண்டு மனிசியளும் அதைப் பற்றி மூச்சு விடேல்லை. கடைசியில டோறத்தி கோப்பையைப் பாத்தபடி சொன்னா:

"அவசரம் ஒண்டும் இல்லை. உங்களுக்கு வசதிப்படேக்க அனுப்பினால் போதும். என்ர மனிசன் ரெஜின்ர வாங்கு அங்கை இருக்குது. அவருக்கு முன்னால இப்ப வெறும் சேறு. அவர் குறை சொல்லமாட்டார், உயிரோட இருக்கேக்கயும் சொன்னதில்லை."

பிறகு ரெஜ் எப்பிடிச் செத்தவர் எண்டு சொல்லத் துவங்கினா. ஆரும் கேக்கேல்லை. காலமை எழும்பி முட்டை அவிச்சவர், தோட்டத்துக்குப் போனவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது எண்டவர், அம்புலன்ஸ் வரேக்க சப்பாத்து லேஸைக் கட்டச் சொன்னவர். ஒண்டு விடாமல் சொன்னா. பலமுறை சொன்ன கதை எண்டு கேக்கத் தெரிஞ்சது, சொல்லச் சொல்லத் தேய்ஞ்சு கைக்கு அடக்கமா வந்த கதை. எனக்கு மொழிபெயர்க்க வேண்டி வரேல்லை. அக்கா அவவின்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தா.

டோறத்தியை அனுப்பிப்போட்டு வந்து கோப்பையளை எடுத்தம். டோறத்தியின்ர கோப்பை வெறுமையாக் கிடந்தது. குசினிப் படியில இருந்து எடுத்த கடலின்ர கோப்பை நிறையக் கிடந்தது. அக்கா ரெண்டையும் ரெண்டு கையில பிடிச்சபடி அப்பிடியே நிண்டா.

"சறோ, வந்த ஆள் தேத்தண்ணி தொடாமல் இருக்கிறது எந்த வீட்டில?"

எந்த வீட்டில எண்டு நான் திருப்பிக் கேட்டன்.

"செத்தவீட்டிலயடி," எண்டா. "செத்தவீட்டில ஆர் பச்சைத்தண்ணி குடிக்கிறது? நான் விசரி, இதுக்கு வடை சுட்டுக் குடுத்திருக்கிறன். அது துக்கம் விசாரிக்க வந்து நிக்குது."

நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பிழை விட்டிருந்தம். கதைபேச்சில்லாத ஆக்கள் ஒருத்தற்ற வாசலை ஒருத்தர் மிதிக்கிறது எங்கட வழக்கத்தில ஒண்டே ஒண்டுக்குத்தான், சாவுக்கு. எவ்வளவு பகையெண்டாலும் சாவுக்கு வந்த ஆளைத் துரத்தக் கூடாது, முன்னுக்கு இருத்தி நடந்ததைச் சொல்லவேணும். அக்காவுக்கு அப்பிடி ஆரும் வந்ததில்லை. உடம்பு கிடைக்கேல்லை, செத்தவீடு நடக்கேல்லை, போய் இறங்கின அகதி முகாமில ஆளாளுக்குத் தங்கட துக்கம். கேக்க ஆளில்லாத சாவு அது.

அக்கா முகம் கழுவினா. திரைச்சேலையை இழுத்துத் துறந்தா. குசினிக் கதிரை ஒண்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில போட்டு, கடலுக்கு நேர முகத்தை வைச்சு இருந்தா. நல்ல வெயில். காலைச் சுத்தித் தண்ணி வந்தது, சீலைக் கரை நனைஞ்சது, அவ எழும்பேல்லை. நான் குசினியில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான், பைப்பைப் பூட்டிப்போட்டு நிண்டன்.

"பேசாலையில ஏறினனாங்கள்," எண்டு துவங்கினா. "அவளுக்கு ரெண்டு வயசு முடியேல்லை. பயித்தம் உருண்டை ஒண்டு கையில குடுத்தனான், அழாமல் இருக்கட்டும் எண்டு. அதைத் தின்னாமல் பொத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். கன ஆக்களை ஏத்திப்போட்டாங்கள். படகு ஒரு பக்கம் சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்தம். நிரூபனை ஒரு கையிலயும் அவளை ஒரு கையிலயும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். விடேல்லை. நான் விடேல்லை எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன். ஆனால் ஆக்கள் என்னைத் தூக்கித் திரும்பப் படகில போடேக்க என்ர ஒரு கை வெறுங்கையா இருந்தது."

கடல் அவவின்ர காலடியில வந்து நிண்டது. செத்தவீட்டுக்கு வந்த ஆள் என்ன சொல்லுறது? தலையைக் குனிஞ்சுகொண்டு கேக்கிறதுதான். அண்டைக்கு முழுக்க அலையெண்டு ஒண்டு எழும்பேல்லை, அக்கா நிப்பாட்டின இடங்களில மட்டும் ம் எண்டு ஒரு சின்னச் சத்தம் கரையில கேட்டது. அவ திரும்பத் திரும்பச் சொன்னா. முதல்முறை சொல்லேக்க உடைஞ்ச சொல்லுகள், பிறகு பிறகு சேர்ந்து வந்தது. பிறகு வாய்விட்டு அழுதா. முப்பது வருசத்து அழுகை. நானும் குசினியில நிண்டு அழுதன், ஏன் மறைப்பான்.

பின்னேரம் அவ எழும்பி உள்ள வந்து, சீலை மாத்திக்கொண்டு திரும்பப் பாக்கேக்க, வளவில ஈரப் புல்லும் மரக் கொட்டிலும் கொடியும்தான் நிண்டது. வேலிக்கு அங்கால பக்கத்து வீதிக் கூரையள் தெரிஞ்சது. வாசலுக்கு ஓடிப் போனன். படியில இருந்த சிப்பியளையும் கல்லுகளையும் காணேல்லை. செருப்பைக் காணேல்லை எண்டால் ஆள் போயிட்டார் எண்டதுதானே.

"சொல்லாமல் போட்டுதே அக்கா," எண்டன்.

"செத்தவீட்டில சொல்லிக்கொண்டு போறேல்லையடி," எண்டா. அண்டைக்கு ரெண்டு தட்டுச் சோறு திண்டா.

அண்டையில இருந்து முப்பத்தோராம் நாளுக்கு, சாவுக்கு வந்தவையைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுக்க வேணும், அது முறை. கோச் பிடி எண்டா, பிடிச்சன். ஓல்ட்மியரில மழை தூறிக்கொண்டு நிண்டது, சனம் காருகளுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தது, டோறத்தி கதிரை ஒண்டை விரிச்சு ரெஜின்ர வாங்குக்குப் பக்கத்தில போட்டுவைச்சிருந்தா. தவமலர் அக்கா எல்லாருக்கும் முதல் ஆளாக் கோச்சால இறங்கினா. செருப்பைக் கழட்டிக் கரையில விட்டிட்டு, ஒரு வாழையிலையில பயித்தம் உருண்டையும், என்ர வீட்டுப் பூப்போட்ட கோப்பையில தேத்தண்ணியும் கொண்டுபோய் ஈரமணலில வைச்சிட்டுத் தள்ளி நிண்டா. கடல் வந்தது. கோப்பையைச் சுத்தி வந்தது. ஒரு மிடறு எடுத்தது. பிறகு முழுக்கக் குடிச்சுது, உருண்டையை எடுத்துது, இலையையும் எடுத்துது. கோப்பையும் போச்சு. அது ஆறு கோப்பை செற்றில ஒண்டு, இப்ப அஞ்சு இருக்குது.

இருட்ட முதல் எல்லாரையும் ஏத்தினம். அக்கா கோச்சுப் படியில ஒரு காலை வைச்சுக்கொண்டு, திரும்பி, பக்கத்து வீட்டு ஆளுக்குச் சொல்லுற குரலில சொன்னா.

"சரி, போட்டு வாறன்."

நான் மோட்டர்வே முழுக்கப் பின்கண்ணாடியால பாத்துக்கொண்டே வந்தன். பின்னால ஒண்டும் வரேல்லை.